மெல்லிலை ஹைப்பாக்சிஸ்: புல்வெளிக் கிழங்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு குகையில், சாம்பலுக்குள் கரிந்து கிடந்த சிறு கிழங்குகளை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2020ஆம் ஆண்டில் அறிவித்தபோது, அதுவரை தாவரவியலாளர்களும் உள்ளூர் மக்களும் மட்டுமே அறிந்திருந்த ஒரு புல்வெளிச் செடி உலகின் பார்வைக்கு வந்தது. அதன் பிறகு அச்செடியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதி, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியைப் பற்றியவை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று உணவு, மற்றொன்று கசப்பான மருந்துக்கிழங்கு. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தைக் களைவதற்காகவே எழுதப்பட்டவை.

இது என்ன செடி?

இதன் அறிவியல் பெயர் ஹைப்பாக்சிஸ் அங்கஸ்டிஃபோலியா. ஹைப்பாக்சிஸ் என்ற பேரினத்தை லின்னேயஸ் 1759இல் நிறுவினார்; இந்தச் சிற்றினத்துக்கு 1789இல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க். 'அங்கஸ்டிஃபோலியா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'குறுகிய இலை உடையது' என்று பொருள். தமிழில் இதற்கு வழக்குப் பெயர் இல்லாததால், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே 'மெல்லிலை ஹைப்பாக்சிஸ்' என்று அழைக்கிறேன்.

ஹைப்பாக்சிடேசி என்ற சிறிய குடும்பத்தைச் சேர்ந்த இது ஒருவித்திலைத் தாவரம். பல ஆண்டுகள் வாழ்வது. மண்ணுக்குமேல் தெரிவதெல்லாம் புல்லைப் போன்ற மெல்லிய இலைக்கொத்தும், அதனிடையே எழும் மெல்லிய காம்புகளில் ஓரிரண்டு மஞ்சள் பூக்களுமே. பூக்காத காலத்தில் இதைப் புல் என்று நினைத்துக் கடந்துபோவது மிகவும் எளிது.

'ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு' என்பது இதுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

'ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு' என்று சந்தைகளிலும் மருந்துக் குப்பிகளிலும் குறிக்கப்படுவது ஹைப்பாக்சிஸ் ஹெமரோகாலிடியா என்ற இனம். பழைய நூல்களில் ஹைப்பாக்சிஸ் ரூப்பெரி என்ற பெயரில் இருக்கும். அது அகன்ற இலைகள் மூன்று வரிசையாக விரிந்து வளைந்து நிற்கும், எடுப்பான செடி. அதன் கிழங்கு பெரியது, வெளியே கருமை படர்ந்தது; வெட்டியவுடன் உள்ளே மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் தெரியும் சதை காற்றுப்பட்டதும் கறுக்கத் தொடங்கும். சுவை கடுங்கசப்பு. அதற்கும் உருளைக்கிழங்குக்கும் தாவரவியல் முறையில் எந்த உறவும் கிடையாது. உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்தப் பெயர் இருமடங்கு தவறானது: அது உருளைக்கிழங்கும் அல்ல, உருளைக்கிழங்கைப் போல் சமைத்து உண்ணும் பொருளும் அல்ல.

மெல்லிலை ஹைப்பாக்சிஸின் கிழங்கோ சிறியது, உள்ளே வெண்மையானது, கசப்பற்றது. கறுத்துப் பருத்த அண்ணனின் புகழால் இந்த மெலிந்த தம்பி மறைந்துபோனதும், பிறகு தம்பிக்குக் கிடைத்த தொல்லியல் புகழை அண்ணன் பெயரில் விற்பவர்கள் எடுத்துக்கொண்டதும் வேடிக்கைதான். 'பழங்கால மனிதர்கள் உண்ட கிழங்கு' என்ற வாசகத்துடன் ஹெமரோகாலிடியா தூள் விற்கப்பட்டால், அந்த வாசகம் அந்தப் பொருளுக்குப் பொருந்தாது.

மண்ணுக்குள் இருப்பது கந்தமா, வேரா, மட்டநிலத்தண்டா?

வேர் அல்ல என்பது உறுதி. அது உணவைச் சேமித்துப் பருத்த தண்டு. நிமிர்ந்து, குட்டையாக, சதைப்பற்றுடன் இருக்கும் தரைகீழ்த் தண்டைக் கந்தம் அல்லது தண்டடிக்கிழங்கு என்பார்கள். கிடைமட்டமாகப் படர்ந்து கணுக்கள் தெளிவாகத் தெரிவதை மட்டநிலத்தண்டு என்பார்கள். இஞ்சி பின்னதற்கு எடுத்துக்காட்டு, சேனை முன்னதற்கு.

ஹைப்பாக்சிஸ் இந்த இரண்டு கட்டங்களுக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. அதன் கிழங்கு பெரும்பாலும் செங்குத்தாக நிற்பதால் தோட்டக்கலை நூல்கள் அதைக் கந்தம் என்கின்றன; ஆனால் கிளாடியோலஸ் செடியில் நிகழ்வது போல ஒவ்வோர் ஆண்டும் பழைய கந்தம் சுருங்கி அழிந்து அதன்மேல் புதியது உருவாவதில்லை, ஒரே உடல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வளர்கிறது என்பதால் தொல்தாவர ஆய்வாளர்கள் மட்டநிலத்தண்டு என்ற சொல்லையே ஆள்கிறார்கள். இரு சொற்களும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்று தெரிந்தால் போதும். இந்தப் பக்கத்தில் பொதுவாகக் 'கிழங்கு' என்றே எழுதுகிறேன்.

கிழங்கின் தலைப்பகுதியை, உதிர்ந்த பழைய இலைகளின் அடிப்பாகங்கள் நாராகிச் சூழ்ந்திருக்கும். அதிலிருந்து புறப்படும் வேர்களில் சில சுருங்கும் தன்மை உடையவை. அவை கிழங்கைச் சிறுகச் சிறுகக் கீழே இழுத்துப் பாதுகாப்பான ஆழத்தில் வைத்துவிடுகின்றன.

எங்கெங்கே வளர்கிறது?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இதன் பரவல் மிக அகன்றது: தென்னாப்பிரிக்காவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து வடக்கே சூடான் பக்கம் வரையிலும், இந்தியப் பெருங்கடல் தீவுகள் சிலவற்றிலும், செங்கடலைக் கடந்து ஏமனிலும் காணப்படுகிறது. புல்வெளி, மரங்கள் சிதறிய சவன்னா, ஈரம் தேங்கும் தாழ்நிலங்களின் ஓரம் எனப் பலவகை இடங்களில் வளரும். தனித்தனியாக அல்லாமல் கூட்டமாக வளரும் இயல்புடையது என்பதால், ஒரு செடியைக் கண்ட இடத்தில் சுற்றிலும் இன்னும் பல இருக்கும். உணவு தேடுபவருக்கு இதைவிட முக்கியமான பண்பு வேறில்லை. நூறு கிராம் கிழங்குக்காக ஒரு மலைச்சரிவு முழுவதும் அலைய வேண்டியிருந்தால், கிடைக்கும் ஆற்றலைவிடச் செலவழிக்கும் ஆற்றல் அதிகமாகிவிடும்.

புல்வெளிச் செடிக்குக் கிழங்கு எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் புல்வெளிகளில் மழை கோடையில் பெய்கிறது. அங்கே கோடை என்பது ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை. குளிர்காலம் வறண்டது, உயரமான இடங்களில் உறைபனியும் விழும். காய்ந்த புல் தீப்பற்றுவது அந்த நிலத்தின் இயல்பான நிகழ்ச்சி. மின்னலாலும் மனிதராலும் மூட்டப்படும் தீ, மரக்கன்றுகளை அழித்துப் புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருக்கிறது. இத்தகைய நிலத்தில் பிழைக்க வேண்டிய செடிக்கு, தன் மொட்டையும் உணவையும் மண்ணுக்கடியில் வைத்துக்கொள்வது நல்ல காப்பு. புல்தீ வேகமாகக் கடந்துபோவது; அதன் வெப்பம் மண்ணுக்குள் சில சென்டிமீட்டருக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. தீ கடந்த சில வாரங்களில், புல் தழைத்து நிழலிடுவதற்கு முன்பே, கரிந்த தரையில் ஹைப்பாக்சிஸ் இலையும் பூவும் விட்டிருப்பதைக் காணலாம்.

இதில் மெல்லிலை ஹைப்பாக்சிஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இப்பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து மண்ணுக்குள் மறைந்துவிடும்; இதுவோ ஈரமும் இதமான வெப்பமும் உள்ள இடங்களில் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். இலை தெரிந்தால்தான் கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். பிற கிழங்குகள் கண்ணுக்குத் தெரியாத பஞ்ச மாதங்களிலும் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பது, பழங்கால மக்களின் உணவில் இதற்கு இருந்திருக்கக்கூடிய இடத்தை விளக்குகிறது.

பூவை வைத்து அடையாளம் காண முடியுமா?

பேரினத்தை அடையாளம் காணலாம். ஒரே அளவிலான ஆறு இதழ்கள் நட்சத்திரம் போல் விரிந்திருக்கும். உட்புறம் பளிச்சென்ற மஞ்சள், வெளிப்புறம் பச்சை கலந்து மென்மயிர் படர்ந்தது. காலையில் விரிந்து வெயில் ஏறியபின் மூடிக்கொள்ளும். பூவில் தேன் இல்லை. தேனீக்கள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. காய் ஒரு சிறு குப்பியைப் போன்றது, முற்றியதும் மேற்பகுதி மூடி கழன்றது போல் விழ, உள்ளே கருநிற விதைகள் தெரியும்.

இனத்தைப் பிரித்தறிய இவை போதா. ஆப்பிரிக்காவின் ஹைப்பாக்சிஸ் இனங்கள் பலவற்றின் பூக்கள் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. கருவுறாமலேயே விதை உண்டாக்கும் வழக்கமும் இப்பேரினத்தில் பரவலாக இருப்பதால் இனங்களுக்கிடையிலான எல்லைகள் நிபுணர்களுக்கே சிக்கலானவை. இலையின் அகலம், மயிர்களின் தன்மை, கிழங்குச் சதையின் நிறம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1,70,000 ஆண்டுகளுக்கு முன் இதைச் சமைத்து உண்டார்கள் என்பது எப்படித் தெரியும்?

சான்று கிடைத்த இடம் பார்டர் குகை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், எஸ்வாட்டினி நாட்டு எல்லையை ஒட்டிய லெபோம்போ மலைத்தொடரின் செங்குத்துச் சரிவில் அது அமைந்திருக்கிறது. ரேமண்ட் டார்ட் 1934இல் முதலில் அங்கே அகழ்ந்தார். 1940களிலும், பின்னர் பீட்டர் போமான்ட் தலைமையில் 1970களிலும் 1980களிலும் பணிகள் நடந்தன. லுசிண்டா பேக்வெல் தலைமையிலான குழு 2015இல் மீண்டும் தொடங்கிய அகழாய்வில்தான், அடுப்பிடங்களின் சாம்பலிலும் அவற்றைச் சூழ்ந்த மண்ணிலும் 55 முழுக் கிழங்குகள் கரிந்த நிலையில் கிடைத்தன. லின் வாட்லி, பேக்வெல், பிரான்செஸ்கோ டெரிக்கோ, கிறிஸ்டின் சீவர்ஸ் ஆகியோர் அந்த முடிவுகளை 2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

கரித்துண்டு ஒன்றைக் காட்டி அது இன்ன செடி என்று சொல்வது எளிதல்ல. வாட்லியும் சீவர்ஸும் நான்கு ஆண்டுகள் லெபோம்போ பகுதியில் அலைந்து, இன்று அங்கே வளரும் கிழங்குச் செடிகளைச் சேகரித்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தொகுப்பை உருவாக்கினார்கள். பிறகு பழைய கரித்துண்டுகளையும் புதிய கிழங்குகளையும் வருடு மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, செல் அமைப்பும் சாற்றுக்குழாய்களின் அமைப்பும் ஒத்திருந்தன. செல்களுக்குள் ஊசிக்கட்டு போல் கிடக்கும் ராபைடு எனும் நுண்படிகங்களும் இரண்டிலும் இருந்தன; 1,70,000 ஆண்டுகள் கழித்தும், தீயில் கரிந்த பின்னும் அந்த ஊசிகளின் தடயம் அழியவில்லை.

இதில் எது உறுதி, எது கணிப்பு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அவை ஹைப்பாக்சிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை என்பது நுண்ணோக்கிச் சான்றால் நிறுவப்பட்டது. அவற்றுள்ளும் மெல்லிலை ஹைப்பாக்சிஸ்தான் என்பது, கிழங்குகளின் சிறிய அளவு, வடிவம், இன்று அந்தப் பகுதியில் உணவாக விரும்பப்படும் இனம் எது என்பன போன்றவற்றை வைத்து எட்டப்பட்ட, மிகவும் பொருத்தமான கணிப்பு. செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

தற்செயலாகத் தீயில் எரிந்தவையாக இருக்கக்கூடாதா?

நியாயமான ஐயம்தான். செடி குகைத் தரையிலேயே வளர்ந்து, மேலே மூட்டிய தீயால் கரிந்திருந்தால் அது சமையல் ஆகாது. ஆனால் வெயில் வேண்டும் இந்தப் புல்வெளிச் செடி குகைக்குள் வளரக்கூடியது அல்ல. யாரோ வெளியே தோண்டி உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். அவை கிடந்ததும் அடுப்பிடங்களில். எரிபொருளாகக் கொண்டுவந்தார்கள் என்று கொள்ளவும் வழியில்லை. பச்சைக் கிழங்கு எரிவதில்லை, அதற்குப் பக்கத்திலேயே விறகு இருந்தது. சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டபோது எடுக்கத் தவறி அதிகமாகக் கரிந்துபோனவையே இவை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நன்றாக வெந்தவை வயிற்றுக்குப் போய்விட்டன. நமக்குக் கிடைத்தவை சமையற்காரரின் கவனக்குறைவு விட்டுவைத்தவை.

தோண்டிய இடத்திலேயே சுட்டுத் தின்னாமல் குகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து, அங்கே இருந்த மற்றவர்களோடு உணவைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். ஒரு கிழங்கு உணவைப் பற்றிய ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

எதைக் கொண்டு தோண்டினார்கள்?

கூர்மையான மரக்கோலாக இருந்திருக்க வேண்டும். இதே பார்டர் குகையின் மேலடுக்குகளிலிருந்து ஏறக்குறைய 40,000 ஆண்டுகள் பழமையான மரத்தோண்டுகோல் கிடைத்திருக்கிறது. அது கிழங்குகளைவிட வெகு பிற்காலத்தது. மரம் அழியக்கூடியது என்பதால் இன்னும் பழையது கிடைக்காததில் வியப்பில்லை.

பச்சையாக உண்ணலாமா? எப்படிச் சமைப்பது?

பச்சையாக உண்ணத்தக்கதே என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் பச்சைக் கிழங்கு நார் மிகுந்தது, கடித்து முறிக்கக் கடினமானது. சுடும்போது மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. தோல் எளிதில் உரிகிறது, நார் இளகுகிறது, மாவுச்சத்து வெந்து செரிக்கத்தக்கதாகிறது. அதனால் ஒருவர் ஒரே வேளையில் அதிகம் உண்ண முடிகிறது. பல் தேய்ந்த முதியவர்களும் சிறு குழந்தைகளும்கூட அதை உண்ண முடிகிறது.

பழைய முறை மிகவும் எளியது: மண்ணை உதறி, தணல் அடங்கிய சூடான சாம்பலுக்குள் முழுக் கிழங்கைப் புதைத்து, மென்மையானதும் எடுத்துத் தோலுரித்து உண்பது. மேலே சொன்ன ராபைடு ஊசிகள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணமான அதே பொருள். ஆகவே முதன்முறை உண்பவர் யாராக இருந்தாலும், இனத்தை ஒரு தாவரவியலாளர் உறுதி செய்திருந்தாலும்கூட, பச்சையாக உண்ணாமல் நன்றாகச் சுட்ட சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வதே முறை. சிறுநீரகக் கல் உடையவர்கள் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்?

நூறு கிராமுக்கு ஏறக்குறைய 500 கிலோஜூல், அதாவது சுமார் 120 கிலோகலோரி. பெரும்பகுதி மாவுச்சத்து. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8,000 கிலோஜூல் தேவை என்று வைத்துக்கொண்டால், இக்கிழங்கை மட்டுமே கொண்டு அதை நிறைவு செய்ய 1.6 கிலோ வேண்டும். கிழங்கின் சிறிய அளவை நினைத்தால் அது மிகப் பெரிய குவியல். ஆகவே வேட்டை இறைச்சியுடனும் பிற தாவர உணவுகளுடனும் சேர்த்து உண்ணப்பட்ட, நம்பத்தக்க அன்றாட மாவுணவு என்று இதைக் கொள்வதே சரி.

இதுதான் மனிதர் மாவுணவு சமைத்ததற்கான மிகப் பழைய சான்றா?

கிழங்கை அடையாளம் கண்டு சொல்லக்கூடிய நிலையில் கிடைத்த சான்றுகளில், வெளியிடப்பட்டபோது இதுவே மிகப் பழையதாகக் கூறப்பட்டது. அதற்கு முன், தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கரையில் உள்ள கிளாசீஸ் ஆற்றுக் குகையின் அடுப்பிடங்களில் கிடைத்த, சுமார் 1,20,000 ஆண்டுகள் பழைய கரிந்த மாவுத்திசுக்கள் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்திருந்தது. தீயைப் பயன்படுத்துவதும் கிழங்கு தோண்டுவதும் இவற்றைவிட மிகப் பழைய பழக்கங்களாக இருக்கலாம். தாவர உணவு எலும்பைப் போல் எச்சம் விட்டுவைப்பதில்லை என்பதால், பழங்கால உணவைப் பற்றிய நம் சித்திரம் நெடுங்காலமாக இறைச்சிப் பக்கமே சாய்ந்திருந்தது.

எந்த நச்சுச் செடிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு?

இது ஆபத்தான கேள்வி; விடையைக் கவனமாகப் படிக்கவும். அதே புல்வெளிகளில் வளரும் மஞ்சள் துல்ப் எனப்படும் மொரேயா பாலிடாவும் கந்தம் உடையது, குறுகிய இலை உடையது, மஞ்சளாகப் பூப்பது. இதய இயக்கத்தைப் பாதிக்கும் நச்சைக் கொண்டது, கால்நடைகள் அதை மேய்ந்து இறப்பது தென்னாப்பிரிக்கப் பண்ணையாளர்கள் நன்கறிந்த இழப்பு. பூத்திருக்கும்போது வேறுபாடு தெரியும்: மொரேயாவின் பூ ஐரிஸ் பூவின் அமைப்புடையது, ஆறு இதழ்களும் ஒரே மாதிரியாக விரிந்த நட்சத்திரம் அல்ல, இலையிலும் மயிர் இராது. பூக்காத காலத்தில் அந்த வேறுபாட்டை நம்பி உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

நாம் கண்வலிக்கிழங்கு என்று அழைக்கும் செங்காந்தளும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் இயல்பாக வளர்வதே. அதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் உயிரைப் பறிக்கக்கூடியது. பூவையும் இலை நுனியின் பற்றுக்கம்பியையும் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். கொடி காய்ந்துபோன பிறகு மண்ணில் கிடைக்கும் கிழங்கை மட்டும் பார்த்துக் குழம்பலாம். பூஃபோன் டிஸ்டிக்கா என்ற பெருங்குமிழச் செடியும் அங்கே உண்டு. அதன் சாறு அம்பு நஞ்சாகப் பயன்பட்டது.

படத்தைப் பார்த்தோ, இந்தப் பக்கத்தைப் படித்தோ காட்டுக் கிழங்கைத் தோண்டி வாயில் வைக்க வேண்டாம். அந்த நிலத்தில் அதை உண்டு பழகிய ஒருவர் உடன் இல்லாமல் இதைச் செய்வது அறியாமை.

ஹைப்பாக்சிஸ் மருந்தாகவும் பயன்படுகிறதே?

ஆம், ஆனால் அது பெரும்பாலும் ஹெமரோகாலிடியாவும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். சுலு மொழியில் இன்கோம்ஃபே என்றும் கோசா மொழியில் இனோங்வே என்றும் அழைக்கப்படும் கிழங்குகள் அந்த மக்களின் மருத்துவத்தில் நெடுநாளாக இடம்பெற்றவை. அவற்றில் உள்ள ஹைப்பாக்சோசைடு என்ற சேர்மம் குடலில் உள்ள பாக்டீரியாக்களால் ரூபெரால் என்ற பொருளாக மாற்றப்படுகிறது. தாவர ஸ்டெரால்களும் உள்ளன.

1999 முதல் 2008 வரை தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ சபலாலா-எம்சிமாங், பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை ஆகியவற்றோடு ஆப்பிரிக்க உருளைக்கிழங்கையும் எச்ஐவி தொற்றுடையவர்களுக்குப் பரிந்துரைத்தது உலகளவில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஹைப்பாக்சிஸ் சாற்றை எச்ஐவி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று எலும்பு மஜ்ஜையின் செயல்பாடு குறைந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஒன்றை அந்தச் சாறு தடுப்பதாக ஆய்வகச் சோதனைகளும் காட்டின. அதாவது, நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தின் அளவு இரத்தத்தில் மாறிப்போகக்கூடும். மெல்லிலை ஹைப்பாக்சிஸை உணவாகப் பேசும்போது இவற்றை இடையில் கலக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தோண்டி எடுக்கச் சட்டம் இடம் தருகிறதா?

தென்னாப்பிரிக்காவில் இயற்கைப் பாதுகாப்பு விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகின்றன. நில உரிமையாளரின் இசைவு எங்கும் தேவை. எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதை அந்தந்த மாகாணப் பாதுகாப்புத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காப்புப் பகுதிகளில் தோண்டுவது குற்றம். டர்பன் நகரின் வார்விக் சந்திப்பு மூலிகைச் சந்தை போன்ற இடங்களில் மருந்து இனங்கள் காட்டிலிருந்து தோண்டப்பட்டே பெருமளவு விற்பனைக்கு வருகின்றன. கிழங்கைத் தோண்டுவது இலையைப் பறிப்பது போன்றதல்ல, செடியையே அகற்றுவது.

வீட்டில் வளர்க்கலாமா?

வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இருந்தால் வளரும். விதை உறக்கநிலை நீண்டது. விதைத்துவிட்டு மறந்துவிடும் அளவுக்குப் பொறுமை வேண்டும். முதிர்ந்த கொத்தைப் பிரித்து நடுவது எளிது. உணவுக்காக என்றால், சேனையையோ உருளைக்கிழங்கையோ நடுவதே பயன்தரும். இதை அதன் பூவுக்காக வளர்ப்பதுதான் அறிவுடைமை.

இந்தியாவில் இதற்கு உறவினர் உண்டா?

உண்டு. ஹைப்பாக்சிஸ் ஆரியா என்ற சிறிய மஞ்சள் பூச்செடி இந்திய மலைப்புல்வெளிகளிலும் வளர்கிறது. சித்த மருத்துவத்தில் புகழ்பெற்ற நிலப்பனைக் கிழங்கைத் தரும் குர்க்குலிகோ ஆர்க்கியாய்டஸ் இதே ஹைப்பாக்சிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஆறிதழ் மஞ்சள் பூவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஹைப்பாக்சிஸ் பூ அந்நியமாகத் தோன்றாது. உறவு என்பதால் உணவுப் பயனும் ஒன்று என்று கொள்ளலாகாது.

ஏமனில் இச்செடி இருப்பதை ஆய்வாளர்கள் ஏன் வலியுறுத்துகிறார்கள்?

மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய வழிகளில் ஒன்று செங்கடலின் தென்முனையைக் கடந்து அரேபியாவுக்குச் சென்றதாகக் கருதப்படுகிறது. புதிய நிலத்துக்குப் போகும் கூட்டத்துக்கு மிகப் பெரிய இடர், அங்கே எது உணவு, எது நஞ்சு என்று தெரியாமல் இருப்பது. ஆப்பிரிக்காவில் எங்கு சென்றாலும் கண்ணுக்குப் பழகிய அதே மஞ்சள் பூவும் அதே வெண்கிழங்கும் கடலுக்கு அப்பாலும் இருந்திருந்தால், அந்த இடர் ஓரளவு குறைந்திருக்கும். இன்று ஏமனில் இச்செடி எஞ்சியிருப்பது, மழை மிகுந்திருந்த பழங்காலங்களில் அதன் பரவல் இதைவிட அகன்றிருந்ததைக் காட்டலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். இது செடியின் பரவலை வைத்துச் செய்யப்பட்ட ஊகம். பார்டர் குகையின் 55 கரித்துண்டுகளைப் போன்ற நேரடிச் சான்று அல்ல.